குணமானவர்களின் பட்டியல்

பேச்சிக்கனி சண்டை போட வரவில்லை. மறுகரை குடிநோய்ச் சிகிச்சை மையத்தில் இருந்தவர்களுக்கு அதுதான் சங்கடமாகப் போயிற்று. கூச்சல் போட்டிருந்தால் காவலாளியைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் வரவேற்பு மேசைமேல் ஒரு ஜவுளிக்கடைப் பையை வைத்து, உள்ளேயிருந்து சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை எடுத்து, கண்ணாடி கீறிவிடாமல் மெதுவாகப் படுக்க வைத்தாள்.

“இத நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். குணமாயிட்டுன்னு இத எதுக்கு எழுதிக் குடுத்திய?”

மேசையில் இருந்த பெண் கணினியில் தேடினாள். இசக்கிராஜ், வயது முப்பத்தெட்டு, உப்பு லாரி ஓட்டுநர், பதினோரு மாதச் சிகிச்சை, பூரண குணம், பெயர் நீக்கப்பட்டது.

“அவர் இப்ப எங்க நோயாளி இல்லையேம்மா.”

“ஆமா. இப்ப யாருக்கும் நோயாளி இல்ல. போன மாசம் எறந்துட்டாவ.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த ஜெசிந்தா மச்சாது அதைக் கேட்டதும் எழுந்துவிட்டாள். நாலு வருடமாக அவள் வேலை ஒன்றுதான். சிகிச்சையில் இருப்பவர்களை வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டு எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பது. மையத்தின் நானூறு பேரில் நூற்றிருபது பேர் அவள் பங்கு. ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. அவர்கள் வந்துபோவது பின்கட்டடத்தில், வேறு வாசல் வழியாக. அவளுக்குக் குரல்கள்தான் பழக்கம். இசக்கிராஜ் பேசத் தொடங்குமுன் சின்னதாக ஒருமுறை இருமுவான். அந்த இருமலைத்தான் அவளுக்குத் தெரியும்.

பேச்சிக்கனியைக் கூட்டிக்கொண்டுபோய் வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தாள்.

“நீங்கதான் அந்த அக்காவா?” என்றாள் பேச்சிக்கனி. “உங்ககிட்ட பேசுனா அன்னைக்குப் பூரா நல்லா இருப்பாவ. கடைசியா நீங்க கூப்பிட்ட மறுநாளே சான்றிதழ் வருதுன்னு செய்தி. தெருவுக்கே மிட்டாய் குடுத்தோம். நெஞ்சுல வச்சிருந்த புளியங்கொட்டையயும் எடுத்துட்டாவ. எடுத்து பத்தொம்பதாம் நாள் உப்பளத்து வரப்புல கெடந்தாவ. நடுமத்தியான வெயிலு. குடிச்சுட்டுக் கெடக்கானேன்னு யாரும் கிட்டப் போகல.”

புளியங்கொட்டை என்பது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்குள் வைத்துத் தைக்கிற சின்னக் கருவி. மையத்தின் தாள்களில் அதன் பெயர் ‘துணை’. வைத்துக்கொண்டவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆளின் வியர்வையையும் நாடியையும் தூக்கத்தையும் அது கவனித்துக்கொண்டே இருக்கும். குடிக்கிற வேட்கை எழும்பினால், அதைத் தணிக்கிற மருந்தைத் துளியளவு இரத்தத்தில் விடும். குடியின் நினைப்பு வராமல் போகாது. ஆனால் அந்த நினைப்பு ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாது. தூத்துக்குடியில் அது வந்து ஐந்து வருடமாகிறது. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான்.

பேச்சிக்கனி பஸ் ஏறிப் போன பிறகும் ஜெசிந்தாவால் வேலையில் உட்கார முடியவில்லை. இசக்கிராஜோடு பேசிய அந்தக் கடைசி நாள் ஞாபகம் வந்தது. “யக்கா, மூணு நாளா கண்ண மூடல. லாரிய எங்க நிறுத்துனாலும் அந்த வாசனதான் வருது. பயமா இருக்குக்கா,” என்று சொல்லியிருந்தான். ‘தூக்கமில்லை, பயம், டாக்டர் உடனே பார்க்கவும்’ என்று அவளே குறித்து அனுப்பியிருந்தாள். மறுநாள் பூரண குணம் என்று வந்தபோது டாக்டர் பார்த்திருப்பார், சரியாகியிருக்கும் என்று சந்தோஷப்பட்டாள்.

பயமாக இருக்கிறது என்று சொல்கிறவனுக்கு யாராவது குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுப்பார்களா?

அவளிடம் ஒரு நோட்டு உண்டு. கணினியில் நாலு வார்த்தைக்குமேல் எழுத இடமில்லாததால், யார் என்ன சொன்னார்கள் என்று கையாலேயே எழுதி வைப்பாள். பொண்ணுக்குக் காதுகுத்து, மாமியாரோடு பேச்சு இல்லை, வலது முட்டி வலி என்பது மாதிரி. அடுத்த வாரம் அதிலிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம். அன்று சாயங்காலம் அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, அவள் பங்கில் இந்த ஒரு வருடத்தில் சான்றிதழ் வாங்கிய முப்பத்தொரு பேரையும் தேடினாள். நாலு பேர் நன்றாக இருந்து, நன்றாகவே வெளியே போயிருந்தார்கள். மற்ற இருபத்தேழு பேருக்கும் கடைசி வரி ஒரே மாதிரி இருந்தது. தூக்கமில்லை. எரிச்சல். கடை முன்னால் நின்றேன் என்றார். அழுதார். அதிலிருந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பூரண குணம்.

சான்றிதழ் வாங்கியவர்களைக் கூப்பிடக் கூடாது என்பது மையத்தின் விதி. மறுநாள் காலை அவள் தன் சொந்தப் போனை எடுத்துக்கொண்டு, பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்த வீடுகளில் பெரும்பாலும் மனைவிமார்தான் பேசினார்கள். மறுபடி குடிக்கிறார் என்றாள் ஒருத்தி. எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை என்றாள் இன்னொருத்தி. ஒருத்தி மட்டும் கோபமாகக் கேட்டாள்.

“நீங்க ஏன்க்கா கூப்பிடுறத நிறுத்திட்டிய? குடிக்கலன்னா வாராவாரம் கூப்பிடுவிய, குடிச்சா கூப்பிட மாட்டியளோ? மறுபடி சேத்துக்கிடுங்கன்னு வந்து வாசல்ல நின்னோம். குணமானவங்கள நோயாளியா சேக்க வழி இல்லன்னுட்டாவ.”

ஜெசிந்தாவால் அதற்குமேல் யாரையும் கூப்பிட முடியவில்லை. ஏனென்றால் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான்.

ரெக்ஸன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். பதினாலு மாதத்துக்கு முன் ஒருநாள் கை நடுங்கி, தூக்கிய பெட்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டான். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் அன்றே கீழே இறக்கிவிட்டார்கள். சிகிச்சை மையத்திலிருந்து சான்றிதழ் கொண்டு வந்தால்தான் மறுபடி மேலே ஏறலாம். அவனை மறுகரையில் சேர்த்தவள் ஜெசிந்தாதான். பதினாலு மாதமாக அவன் குடிக்கவில்லை. பதினாலு மாதமாக அவள் அதை நம்பவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரத்தில் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். அவன் சத்தமாகச் சிரித்தால் ஏன் இவ்வளவு சிரிக்கிறான் என்று பார்ப்பாள். பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று பார்ப்பாள். கிராம்பு மென்றால் அருகில் போய் நிற்பாள். அவன் மனைவி மெர்லின் இதையெல்லாம் கவனித்துக் கவனிக்காத மாதிரி மீன் குழம்பை ஊற்றுவாள்.

சொந்தக்காரர்களைக் கூப்பிடக் கூடாது என்பதும் ஒரு விதி. ரெக்ஸனைக் கூப்பிடுகிறவள் பக்கத்து இருக்கைப் பெண். அன்று புதன்கிழமை, அந்தப் பெண் டீ குடிக்கப் போன நேரத்தில், ஜெசிந்தா தன் இருக்கையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

“என்ன யக்கா, ஆபீஸ் நம்பர்லருந்து கூப்பிடுத?”

“சும்மாதான். எப்பிடி இருக்க?”

“நல்லா இருக்கேன்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய வழக்கம் அது. கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். தம்பி என்பதை மறந்து அன்றும் காத்திருந்தாள்.

“நல்லா இல்லக்கா,” என்றான் ரெக்ஸன். “கிரேன்ல ஏறப்போறோம்னு நெனச்சாலே நெஞ்சு அடிக்குது. ரெண்டு நாளா அந்தக் கடை வழியாத்தான் வீட்டுக்குப் போறேன். உள்ள போகல. எதுத்தாப்புல நிக்கேன். அஞ்சு நிமிசம். பெறகு போயிருதேன்.”

“இத ஏம்ல ஞாயித்துக்கெழம சொல்லல?”

“நேர்ல சொன்னா நீ என் கண்ணப் பாப்ப. போன்ல பாக்க முடியாதுல்லா.”

டாக்டரைப் போய்ப் பார் என்று அவள் சொல்லவில்லை. முதல்முறையாக அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை. “வீட்டுக்குக் கடற்கரை வழியாப் போ. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் என்னக் கூப்பிடு,” என்று மட்டும் சொன்னாள். கணினியில் எதுவும் பதியவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மெர்லின் கூப்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல்.

“மைனி, வந்துட்டு! சான்றிதழ் வந்துட்டு! இன்னைக்கு மத்தியானம் கொட்டைய எடுக்க வரச் சொல்லியிருக்காவ. திங்கக்கெழம வேலைக்குப் போவலாம்!”

ஜெசிந்தா போனை வைத்துவிட்டு நேரே டாக்டர் குற்றாலிங்கத்தின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

அறுபது வயது குற்றாலிங்கம் ஒல்லியான மனிதர், எப்போதும் வாயில் ஒரு சுக்கு மிட்டாய் இருக்கும். ஜெசிந்தாவுக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ‘இது நோய், ஒழுக்கக்கேடு இல்ல. சர்க்கரை ஏறினவனத் திட்டுவோமா? மறுபடி குடிச்சான்னா வைத்தியத்த மாத்தணும்னு அர்த்தம், ஆள் கெட்டுப்போயிட்டான்னு அர்த்தம் இல்ல’ என்று முதல் நாளே சொன்னவர். அதனாலேயே இப்போது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூடுதலாக ஆத்திரம் வந்தது.

“யார் குடிக்கப்போறான்னு புளியங்கொட்டை முன்கூட்டியே சொல்லுதா, சார்?”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“ரெக்ஸன் விஷயமா?”

“இசக்கிராஜ் விஷயம். இருபத்தேழு பேரு விஷயம். விழப்போறான்னு தெரிஞ்சதும் குணமாயிட்டுன்னு எழுதி வெளிய அனுப்புதிய. தெரியாமலா எழுதுதிய?”

“உக்காருங்க.”

“நிக்கேன்.”

அவர் மட்டும் உட்கார்ந்தார். “அந்தக் கருவியால அது முடியாது. முடியும்னு சொல்லித்தான் கம்பெனி வித்தது. இப்ப வேட்கை இருக்கான்னு தெரியும், அவ்வளவுதான். அதுலயும் ஆள் வெயில்ல வேகமா நடந்தாலே குழம்பிரும். அடுத்த வாரம் என்ன நடக்கும்னு அதுக்குத் தெரியவே தெரியாது.”

“அப்ப எது சொல்லுது?”

அவள் கழுத்தில் தொங்கிய ஹெட்போனை அவர் பார்த்தார்.

“நீங்கதான்.”

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை.

“அழைப்பெல்லாம் பதிவாகுதுன்னு உங்களுக்குத் தெரியும். பயிற்சிக்காகன்னு சொல்லியிருக்கோம். அத ஒரு இயந்திரம் கேக்குது. என்ன சொல்றாங்க, எங்க நிறுத்துறாங்க, மூச்சு எப்பிடி இருக்கு, எல்லாத்தையும் வச்சு இன்னும் பத்து பன்னெண்டு நாள்ல குடிப்பாரா மாட்டாரான்னு ஒரு எண் போடுது. மத்த ரெண்டு பேர் பண்ற அழைப்புல பாதிக்குப் பாதி தப்பாப் போகுது. உங்க அழைப்புல மட்டும் பத்துக்கு ஒன்பது சரியா வருது. அவங்ககிட்ட எல்லாரும் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வச்சிர்றாங்க. உங்ககிட்ட உள்ளதச் சொல்லிர்றாங்க.”

அப்படியானால் புதன்கிழமை ரெக்ஸன் பேசியதையும் அந்த இயந்திரம் கேட்டிருக்கிறது.

“சரி. முன்கூட்டியே தெரியுதுல்லா. கூப்பிட்டுப் பாக்கலாமே? மருந்தக் கூட்டலாமே? ரெண்டு வாரம் உள்ள வச்சிக்கிடலாமே?”

“மொதல்ல அதத்தான் செஞ்சோம். பாதிப் பேர் தப்பிச்சாங்க. மீதிப் பேர் அப்பவும் குடிச்சாங்க. இந்த நோயில அது சகஜம், உங்களுக்கும் தெரியும். ஆனா கம்பெனியோட போட்ட ஒப்பந்தத்துக்குத் தெரியாது. சிகிச்சையில இருக்கும்போது மறுபடி குடிச்சவங்க நூத்துக்கு அஞ்சு பேருக்கு மேல போனா, கம்பெனி கருவி குடுக்கிறத நிறுத்திரும். அந்த வருசம் எட்டு வந்துட்டு. அடுத்த மாசம் மேலருந்து ஒரு ஆள் வந்தாரு. குடிக்கிறதுக்கு முன்னால பேர எடுத்துட்டா, குடிச்சது நம்ம நோயாளி இல்லையேன்னு சொன்னாரு.”

“பாதிப் பேரு தப்பிச்சாவளா?”

குற்றாலிங்கம் வாயில் இருந்த மிட்டாயைக் காகிதத்தில் துப்பி மடித்தார்.

“சார், பாதிப் பேரு தப்பிச்சாவளான்னு கேக்கேன்.”

“ஆமா.”

“இசக்கிராஜ் அந்தப் பாதியில இருந்திருப்பானா?”

“அத யாரும் சொல்ல முடியாது.” அவர் குரல் தாழ்ந்தது. “முந்நூத்தி எழுபது பேர் இன்னைக்கு ஒழுங்கா வேலைக்குப் போறாங்க, ஜெசிந்தா. இந்தக் கதவ மூடினா அவங்க எல்லாரும் தெருவுல. முப்பதா முந்நூறா? நான் முந்நூற எடுத்தேன்.”

“ரெக்ஸன் பேர மாத்துங்க. குணமாகலன்னு எழுதுங்க.”

“நேத்தே கையெழுத்தாகிப் போயிட்டு. ஒரு பேர மாத்தினா, ஏன் மாத்தினேன்னு பழசெல்லாம் தோண்டுவாங்க.”

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “நான் இந்த வேலைக்கு இனி வரல.”

“நீங்க போனா வேற ஆள் வருவாங்க,” என்றார் அவர். “அவங்ககிட்ட எல்லாரும் நல்லா இருக்கேன்னு சொல்வாங்க. இயந்திரத்துக்கு ஒண்ணும் தெரியாது. யாருக்கும் சான்றிதழ் வராது.”

அதை மிரட்டலாகச் சொன்னாரா, போய்விடு என்று கெஞ்சினாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. படியிறங்கும்போதும் அந்தக் குரலையே திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தாள். குரல்களைப் படிப்பதில் கெட்டிக்காரி என்று நாலு வருடமாக நம்பியிருந்தவள் அவள்.

மத்தியானம் ரெக்ஸனைத் தடுத்துவிடலாம் என்று பின்வாசலுக்கு ஓடினாள். அவன் காலையிலேயே வந்து, எடுத்துவிட்டுப் போயிருந்தான். சந்தோஷத்தில் நேரம் வரை காத்திருக்க முடியவில்லையாம்.

சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனாள். காறை எலும்புக்குக் கீழே சின்னப் பிளாஸ்திரியோடு அவன் மீன் வாங்கிக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். சான்றிதழ் மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜெசிந்தா எதையும் மறைக்காமல் சொன்னாள். இசக்கிராஜ், நோட்டு, இயந்திரம், புதன்கிழமை அழைப்பு. மெர்லின் கதவோரம் அப்படியே நின்றுவிட்டாள்.

ரெக்ஸன் சான்றிதழைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, “அப்ப நான் குணமாகல,” என்றான்.

“இது அப்பிடி ஒரு நாள்ல குணமாகுற நோயில்லல. மருந்து வேணும். ஆள் துணை வேணும். வருசக்கணக்கா வேணும்.”

“பதினாலு மாசமா என் வாய மோந்து பாக்க. ஒரு தடவையாவது நல்லா இருக்கேன்னு சொன்னத நம்புனியா? இந்தக் காயிதம் ஒண்ணுதான் என்ன நம்புச்சு. இப்ப அதுவும் பொய்யின்னு நீயே வந்து சொல்லுத.”

“ஆமா.”

“யார்ட்டயும் சொல்லாதத உங்கிட்ட சொன்னேன். அதுக்குத்தான் இதா?”

“எனக்குத் தெரியாதுல. சத்தியமாத் தெரியாது.”

“தெரியாமத்தான எல்லாரையும் அனுப்பி வச்ச?” என்றான். அவன் மீன் பையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே போனான். எங்கே போகிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற உரிமை போய்விட்ட மாதிரி இருந்தது. மெர்லின்தான் வாசல்வரை ஓடிப்போய், அவன் கடற்கரைப் பக்கம் திரும்புகிறானா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை ஜெசிந்தா துறைமுக வாசலில் போய் நின்றாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அதிகாரியிடம் போய், என் தம்பியைக் கிரேனில் ஏற்றாதீர்கள் என்று சொன்னால் அவன் பிழைப்பு அதோடு போயிற்று. சொல்லாமல் இருந்தால், நாற்பது மீட்டர் உயரத்தில் அவன் கையில் ஒரு பெட்டி தொங்கும். கீழே ஆட்கள் நிற்பார்கள். ரெக்ஸன் அவளைப் பார்த்தான். பேசாமல் உள்ளே போனான். அவள் மதில்மேல் தெரிந்த கிரேன்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரைமணி நேரத்தில் அவன் திரும்பி வந்தான். தலையில் தரைவேலைக்காரர்களின் மஞ்சள் தொப்பி.

“மூணு மாசம் கீழயே நிக்கேன்னு சொல்லிட்டேன். பெட்டிக்குக் கம்பி மாட்டுற வேலை.” அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “நீ சொன்னதுக்காக இல்ல. இன்னைக்கு எனக்குக் கீழ நிக்க வேண்டிய ஆளு விக்டர். அவனுக்கு மூணு பொம்பளப் பிள்ள.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஜெசிந்தா தன் நோட்டைப் பேச்சிக்கனியிடம் கொடுத்தாள். இருவருமாக ஒரு மனு எழுதினார்கள். விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். அன்றன்றைக்கு இருந்த நிலைமையைத்தான் சான்றிதழில் எழுதினோம், எழுதிய அன்று யாரும் குடித்திருக்கவில்லை என்று மையம் பதில் சொன்னது. அது உண்மையும்கூட. விசாரணை இன்னும் முடியவில்லை. மையமும் திறந்துதான் இருக்கிறது. அவள் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள் என்றும், ஒரு நாளைக்கு எழுபது பேரைக் கூப்பிட்டு முடித்துவிடுகிறாள் என்றும் கேள்விப்பட்டாள். ஜெசிந்தா போன பிறகு ஒருவருக்கும் சான்றிதழ் வரவில்லை.

கொட்டையை எடுத்து இருபதாம் நாள் காலை ஏழு மணிக்கு ரெக்ஸன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். சட்டை கசங்கியிருந்தது. கண் சிவந்திருந்தது. அவள் கேட்கும்வரை அவன் காத்திருக்கவில்லை.

“நேத்து குடிச்சுட்டேன்க்கா.”

இந்த வார்த்தைக்காகப் பதினாலு மாதமாக அவள் பயந்திருந்தாள். கேட்டதும் தலை சுற்றும், அழுகை வரும், அடித்தே விடுவோம் என்றெல்லாம் நினைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெகுநாள் கட்டி வைத்திருந்த ஒரு முடிச்சு உள்ளே அவிழ்ந்த மாதிரிதான் இருந்தது. எதையும் மோந்து பார்க்க வேண்டியதில்லை. அவனே வந்து சொல்லிவிட்டான்.

“சாப்பிட்டியா?”

“இல்ல.”

“ரெண்டு இட்லி தின்னுட்டு வா. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்.”

“சேப்பாவளா? நான் குணமானவன்லா.”

“அங்க எந்தக் காயிதமும் கேக்க மாட்டாவ.”

அரசு மருத்துவமனையில் புளியங்கொட்டை கிடையாது. பழைய காலத்து மாத்திரைகள், வாரம் ஒருநாள் டாக்டரோடு பேச்சு, வியாழக்கிழமை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம், அவ்வளவுதான். மெதுவான வைத்தியம். இடையில் விழுந்தவன் மறுபடி வந்தால் சீட்டில் அடுத்த தேதியை எழுதிக் கொடுப்பார்கள். அன்று வியாழக்கிழமை. மனநலப் பிரிவின் முன்னால் நீளப் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஜெசிந்தா சன்னலில் குனிந்து தம்பியின் பெயரையும் வயதையும் சொன்னாள்.

“ஜெசிந்தா அக்காவா?”

பின்னாலிருந்து வந்த அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். கனமான, நிதானமான குரல். இந்தக் குரலுக்கு அவள் பெரிய மீசையும் அகன்ற தோளும் கற்பனை பண்ணி வைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தால் குச்சிமாதிரி ஒரு சின்ன மனிதர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.

“சிவனணைந்தானா நீங்க? வலது முட்டி வலி?”

“அதேதான்க்கா.” அவர் முகம் மலர்ந்தது. பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் மெதுவாகப் பெயரைச் சொன்னார். இன்னொருவர் வணக்கம் மட்டும் வைத்தார். வைக்கும்போது தொண்டையைக் கனைத்த விதத்தில் அவரும் யாரென்று தெரிந்துவிட்டது. மூன்று பேரும் அந்த இருபத்தேழில் இருந்தவர்கள்.

ரெக்ஸனை உள்ளே கூப்பிட்டார்கள். கூடப் போகலாமா என்று அவள் தயங்கினாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தனியாகப் போனான். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். இவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“உங்கள வெளிய அனுப்புனதுக்கு நாந்தான் காரணம். எங்கிட்ட நீங்க பேசுனத வச்சுத்தான்...”

“தெரியும்க்கா,” என்றார் சிவனணைந்தான்.

“என்ன தெரியும்?”

“உங்ககிட்ட உள்ளதச் சொன்னா ரெண்டு நாள்ல சீட்டக் கிழிச்சுருவாவன்னு. எப்பிடின்னு தெரியாது. ஆனா அதுதான் நடக்குன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும். பின்கட்டடத்துல புதுசா வாரவனுக்கு மொத நாளே சொல்லிருவோம். மத்த பிள்ளைங்க கூப்பிட்டா பயமில்ல. ஜெசிந்தா அக்கா கூப்பிட்டா நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிரு, வேற வாயத் தொறக்காதன்னு. இசக்கிராஜுக்கு நாந்தான் சொன்னேன்.”

ஜெசிந்தாவின் குரலைக் கேட்டால் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி, அத்தனை ஆண்களும் தமக்குள் சொல்லி வைத்திருந்திருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் அது தெரியாது.

“தெரிஞ்சுமா? பெறகு எதுக்கு எங்கிட்ட சொன்னிய?”

அவர் மற்ற இருவரையும் ஒருமுறை பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“எப்பிடி இருக்கியன்னு கேட்டுட்டு, ஒருத்தி அந்தப் பக்கம் பேசாமக் காத்துக்கிட்டே இருக்கா. எவ்வளவு நேரம்தான்க்கா பொய் சொல்ல முடியும்?”

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு தன் போனை எடுத்தாள். “என் சொந்த நம்பரச் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. இனி நீங்க என்னக் கூப்பிடுங்க.”

சிவனணைந்தான் தன் போனை எடுத்து இரண்டு மூன்று எண்களை அழுத்தினார். சட்டென்று நிறுத்திவிட்டு, போனை ஒரு பார்வை பார்த்தார்.

“இதயும் யாராவது கேப்பாவளாக்கா?”

“தெரியல,” என்றாள் ஜெசிந்தா. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார். போனை அணைத்துப் பைக்குள் போட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப இங்கனயே சொல்லிருதேன். திங்கக்கெழம ஒண்ணும் இல்லக்கா. செவ்வாக்கெழமதான்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

ஜெசிந்தா ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள்.